ஜெயிச்சதுக்கு அப்புறம் எழுதின காரணங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: திருப்பூர்ல பவர் டேபிள் வச்சு ஜாப் ஒர்க் எடுத்து தைச்சுக் குடுக்கறேன் சார். போன மாசம் ஒரு பிசினஸ் கோச்சோட இலவச மீட்டிங்குக்குப் போனேன், ரெண்டு மணி நேரம் பேசினாரு, நல்லாத்தான் இருந்துச்சு. கடைசில மூணு நாள் கோர்ஸ் 45,000 ரூபாய், இன்னைக்கே கட்டினா 30,000ன்னாங்க. உலகத்துல டாப் கம்பெனிங்க ஃபாலோ பண்ற ஃபார்முலாவ சொல்லித் தருவாங்களாம். கட்டலாமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: கட்டாதீங்க. அதுவும் கடன் வாங்கித்தான் கட்டணும்னா கண்டிப்பா வேண்டாம். அந்த 'டாப் கம்பெனி ஃபார்முலா' எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சா உங்களுக்கே புரியும், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

1982ல டாம் பீட்டர்ஸ், ராபர்ட் வாட்டர்மேன்னு ரெண்டு பேர், மெக்கின்சி கன்சல்டிங் கம்பெனில வேலை பார்த்தவங்க, 'இன் சர்ச் ஆஃப் எக்ஸலன்ஸ்'னு ஒரு புக் போட்டாங்க. அமெரிக்காவுல நல்லா நடக்குற 43 கம்பெனிகள எடுத்து, இவங்ககிட்ட பொதுவா இருக்கிற எட்டு குணம் இதுதான்னு சொன்ன புக். லட்சக்கணக்குல வித்துச்சு, இப்ப நம்ம பாக்குற பிசினஸ் வெற்றிப் புத்தகங்களுக்கெல்லாம் அச்சு அதுதான்னு சொல்லலாம். ஆனா ரெண்டே வருஷத்துல, 1984 நவம்பர்ல, பிசினஸ் வீக் பத்திரிகை கவர் ஸ்டோரியாவே போட்டுச்சு, அந்த 43ல குறைஞ்சது 14 கம்பெனி சிக்கல்ல மாட்டிக்கிச்சுன்னு. அதுல பாராட்டின வாங் கம்ப்யூட்டர் கம்பெனி 1992ல திவாலாச்சு, டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனிய 1998ல காம்பேக்னு இன்னொரு கம்ப்யூட்டர் கம்பெனி வாங்கிருச்சு. மிஷெல் கிளேமேன்னு ஒரு முதலீட்டு ஆய்வாளர் 1987ல இன்னொரு வேலை பண்ணாங்க, அந்த புக் எந்த அளவுகோல வச்சு நல்ல கம்பெனின்னு சொல்லிச்சோ அதே அளவுகோல்ல ரொம்ப மோசமா மார்க் வாங்குன கம்பெனிகளோட பங்குகள எடுத்துப் பார்த்தாங்க, அடுத்து வந்த வருஷங்கள்ல நல்ல கம்பெனிகளவிட அதுங்கதான் அதிக லாபம் குடுத்திருந்துச்சு.

அடுத்தது 2001, ஜிம் காலின்ஸோட 'குட் டு கிரேட்'. இவர் நிஜமாவே உழைச்சவரு, அத மறுக்க முடியாது, ஒரு டீம் வச்சு அஞ்சு வருஷம் வேலை பார்த்து 1,435 கம்பெனில இருந்து வடிகட்டி 11 எடுத்தாரு. அந்த 11ல ஒண்ணு சர்க்யூட் சிட்டி, டிவி, கம்ப்யூட்டரெல்லாம் விக்கிற கடை. அந்த புக்கோட முக்கியமான பாடமே முதல்ல சரியான ஆளுங்கள சேர்க்கணும், வேலை என்னங்கிறது அப்புறம்னு. அதே சர்க்யூட் சிட்டி 2007 மார்ச்ல என்ன பண்ணிச்சு தெரியுமா, சம்பளம் கொஞ்சம் கூடுதலா வாங்கிட்டிருந்த 3,400 ஊழியர்கள ஒரே நாள்ல வீட்டுக்கு அனுப்பிட்டு, குறைஞ்ச சம்பளத்துக்கு ஆள் எடுக்குறோம், வேணும்னா பத்து வாரம் கழிச்சு நீங்களும் அந்த சம்பளத்துக்கு அப்ளை பண்ணலாம்னு சொல்லிச்சு. வருஷக்கணக்கா கஸ்டமர்கிட்ட நின்னு பேசி எது நல்ல டிவின்னு எடுத்துச் சொன்னவங்க அவங்கதான். 2008 நவம்பர்ல திவால் மனு, 2009 மார்ச்ல கடைசி கடையும் மூடியாச்சு, 30,000 பேருக்கு மேல வேலை போச்சு. அதே 11ல இருந்த ஃபேனி மேங்கிற வீட்டுக்கடன் நிறுவனத்த 2008 செப்டம்பர்ல அமெரிக்க அரசாங்கமே கையில எடுக்க வேண்டி வந்துச்சு, வெல்ஸ் ஃபார்கோ பேங்க்ல கஸ்டமருக்கே தெரியாம லட்சக்கணக்குல கணக்கு திறந்திருக்காங்கன்னு 2016ல வெளிய வந்து 2020ல 300 கோடி டாலர் கட்டினாங்க.

கம்பெனின்னா ஏறும் இறங்கும், அது இயற்கைதானேன்னு நீங்க கேக்கலாம். நான் சொல்ல வர்றது வேற. ஒரு கம்பெனி ஜெயிச்ச பிறகு போய் அங்க இருக்கிறவங்களயே "ஏன் ஜெயிச்சீங்க"ன்னு கேட்டா அவங்க என்ன சொல்லுவாங்க? எங்க முதலாளிக்கு தொலைநோக்கு, எங்க டீம் ஒத்துமை, கஸ்டமர்தான் எங்களுக்கு எல்லாம்னு சொல்லுவாங்க. அதே கம்பெனி தோத்த பிறகு போய்க் கேட்டா அதே முதலாளிய பிடிவாதக்காரருன்னுவாங்க. பில் ரோசன்ஸ்வைக்னு ஒரு மேலாண்மைப் பேராசிரியர் 2007ல இத ஒரு புக்காவே எழுதியிருக்காரு, 'தி ஹாலோ எஃபெக்ட்'னு. நெட்வொர்க் கருவி செய்யுற சிஸ்கோ கம்பெனிய 2000ல எதுக்கெல்லாம் புகழ்ந்தாங்களோ, பங்கு விலை விழுந்த உடனே 2001ல அதையே குறையா எழுதினாங்கன்னு பத்திரிகைச் செய்திகள எடுத்து வச்சு காட்டுறாரு. அதே எட்டு குணம் இருந்தும் தோத்துப் போன கம்பெனி எத்தனைன்னு யாரும் போய்ப் பாக்கல, தோத்தவங்கள யாரும் பேட்டி எடுக்கறதில்ல.

இது உங்க ஊருக்கே நல்லாத் தெரியும். 2011 ஜனவரில ஹைகோர்ட் உத்தரவுல சாயப்பட்டறைகள மூடினப்ப துணிய சாயத்துக்கு அனுப்ப இடமில்லாம நின்னவங்கள்ல காலைல 5 மணிக்கு எந்திரிச்சு டைரி எழுதி இலக்கு வச்சு உழைச்சவங்களும் இருந்தாங்க. நூல் விலை ஏறினா ஒழுக்கமா இருக்கிறவருக்கும் ஏறத்தான் செய்யுது, பையர் ஆர்டர கேன்சல் பண்ணா பாசிட்டிவா நினைக்கிறவருக்கும் கேன்சல்தான். அந்த கோச் இதப் பத்தி ஏதாவது பேசினாரா?

அந்த 30,000ல ஒரு பங்க செலவு பண்ணி நல்ல ஆடிட்டரோட ரெண்டு நாள் உக்காருங்க. போன வருஷ பில் எல்லாத்தையும் எடுத்து எந்த பார்ட்டி எத்தனை நாள்ல பணம் குடுத்தாங்க, எந்த ஸ்டைல்ல ஆல்டரேஷன் அதிகமா வந்துச்சு, எந்த ரேட்டுக்கு எடுத்த வேலைல கூலி போக மிச்சமே இல்லன்னு எழுதிப் பாருங்க. உத்யம்ங்கிற சிறு தொழிலுக்கான அரசாங்கப் பதிவு பண்ணலன்னா உடனே பண்ணுங்க, அது இலவசம், அதுக்குக் கூட காசு கேக்கறவங்க இருக்காங்க, குடுக்காதீங்க. பதிவு இருந்தா 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி உங்க வேலைய ஏத்துக்கிட்டவங்க அதிகபட்சம் 45 நாளுக்குள்ள பணம் தரணும், தரலன்னா வட்டியோட கேக்கலாம், அரசாங்கத்தோட எம்எஸ்எம்இ ஆன்லைன் போர்ட்டல்ல புகாரும் குடுக்கலாம். பார்ட்டியோட உறவு கெட்டுருமேன்னு தயக்கம் இருக்கும், அது நியாயமான தயக்கம்தான், இருந்தாலும் உரிமை என்னன்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டு பேசுறது வேற மாதிரி இருக்கும்.

கேள்வி: அமெரிக்கப் பெரும் பணக்காரர் ஆண்ட்ரூ கார்னெகியே ஒரு இளைஞனக் கூப்பிட்டு "பணக்காரங்களோட ரகசியத்த ஆராய்ச்சி பண்ணு"ன்னு சொன்னதாவும், அப்படி வந்ததுதான் 'திங்க் அண்ட் க்ரோ ரிச்' புக்குன்னும் எங்க காலேஜ்ல வந்து பேசினவர் சொன்னாரு. நிஜமா? (மாணவர், திருச்சி)

பதில்: அத எழுதின நெப்போலியன் ஹில்லே சொன்ன கதை தம்பி அது. 1908ல கார்னெகிய பார்த்ததா சொல்றாரு, புக் வந்தது 1937ல, கார்னெகி இறந்தது 1919ல. அதாவது ஆமா இல்லன்னு சொல்ல வேண்டியவர் போய் 18 வருஷம் கழிச்சு புக் வருது. கார்னெகியோட வாழ்க்கைய பெரிய புத்தகமா எழுதின வரலாற்று ஆசிரியர் டேவிட் நாசா, அவரோட கடிதங்களையெல்லாம் தேடிப் பார்த்தவரு, அப்படி ஒரு சந்திப்பு நடந்ததுக்கு எந்த ஆதாரமும் கிடைக்கலன்னு சொல்லியிருக்காரு. அடுத்த தடவ யாராவது மேடைல இந்த மாதிரி கதை சொன்னா, ஆதாரம் எதுன்னு எந்திரிச்சுக் கேளுங்க.

கேள்வி: நான் மதுரைல புத்தகக் கடைல வேலை பாக்கறேன். கதைப் புத்தகம் தூசி புடிச்சுக் கிடக்கு, 'பணக்காரர் ஆவது எப்படி' வகை மட்டும் வர வர காலியாகுது. ஏன் சார்? (வாசகி, மதுரை)

பதில்: பயந்தாம்மா காரணம், அதுல தப்பு ஒண்ணும் இல்ல. டேல் கார்னெகியோட (மேல சொன்ன கார்னெகி இல்ல, வேற ஒருத்தர்) 'ஹவ் டு வின் ஃப்ரெண்ட்ஸ்' புக் வந்தது 1936, ஹில் புக் 1937, ரெண்டுமே அமெரிக்காவுல பெரும் பொருளாதார வீழ்ச்சி இருந்த சமயம். 1982ல மேல சொன்ன 'எக்ஸலன்ஸ்' வந்தப்ப அங்க வேலையில்லாதவங்க 10 சதவீதத்தத் தாண்டியிருந்தாங்க, ஜப்பான் கார் அமெரிக்கக் கார அடிச்சுக்கிட்டு இருந்துச்சு, அப்ப ஒருத்தர் வந்து நம்ம ஊர்லயே நல்ல கம்பெனி இருக்கு பாருங்கன்னு சொன்னா வாங்காம என்ன பண்ணுவாங்க. இங்கயும் நிலையான சம்பளம் கிடைக்குமான்னு தெரியாத பையன்தான் உங்க கடைக்கு வந்து அந்த அலமாரி முன்னாடி நிக்கிறான்.

இன்னொரு பக்கமும் இருக்கு. நிறைய நிபுணர்களுக்கு புக்குல வர்ற காச விட புக்க காட்டி கிடைக்கிற மேடை, கன்சல்டிங், கோர்ஸ்தான் வருமானம். 1995ல மைக்கேல் ட்ரீசி, ஃப்ரெட் வியர்சீமான்னு ரெண்டு பேர் எழுதின ஒரு மேனேஜ்மென்ட் புக்க அவங்க தரப்புலயே ஆயிரக்கணக்குல பல கடைகள்ல வாங்கி நியூயார்க் டைம்ஸ் பெஸ்ட்செல்லர் லிஸ்ட்ல ஏத்தினாங்கன்னு பிசினஸ் வீக் எழுதிச்சு. மொத்தமா வாங்கினதா தகவல் வந்தா அந்த லிஸ்ட்ல புக் பேருக்குப் பக்கத்துல இப்ப ஒரு சின்ன கத்திக் குறி (†) போடறாங்க. அட்டைல பெஸ்ட்செல்லர்னு இருக்கிறத மட்டும் பார்த்து கேக்கறவங்ககிட்ட இத நீங்க தாராளமா சொல்லலாம்.

கேள்வி: எங்க அப்பா எம்.எஸ். உதயமூர்த்தி புத்தகம் படிச்சுத்தான் சின்னதா தொழில் ஆரம்பிச்சு எங்கள படிக்க வச்சாரு. இதெல்லாம் வீண்னு நீங்க சொல்றது கஷ்டமா இருக்கு. (வாசகி, கோவை)

பதில்: வீண்னு சொல்லவே மாட்டேம்மா. உதயமூர்த்தி 'எண்ணங்கள்' எழுதினப்ப, பின்னாடி யாரும் இல்லாத எத்தனையோ பேருக்கு உன்னால முடியும்னு சொன்ன முதல் குரல் அதுதான். தைரியம் ஒரு புத்தகத்துல கிடைக்கும், உங்க அப்பாவுக்குக் கிடைச்சிருக்கு. ஆனா கடைக்கு இடம் பார்த்தது, சரக்கு எடுத்தது, கடன் திருப்பினது எல்லாம் அவரு தானா கத்துக்கிட்டது, முழுப் பெருமையையும் புத்தகத்துக்கே குடுத்துறாதீங்க. தைரியம் குடுக்கிற புக்கு மேல எனக்கு எந்தக் கோபமும் இல்ல, இந்த வழில போனா ஜெயிப்புக்கு கேரண்டின்னு சொல்லி இருக்கிற சேமிப்ப வாங்கிட்டுப் போறவங்க மேலதான் கோபம்.

கேள்வி: சரி, தொழில் பத்தி ஒரே ஒரு புக் சொல்லுங்க. (வாசகர், சேலம்)

பதில்: ஆண்டி குரோவ் 1996ல எழுதின 'ஒன்லி தி பாரனாய்ட் சர்வைவ்'. இன்டெல் கம்பெனிய நடத்தினவரு. 1985ல அவங்களோட மெமரி சிப் (கம்ப்யூட்டர்ல தகவல சேமிக்கிற சிப்) வியாபாரம் ஜப்பான்காரங்ககிட்ட அடி வாங்கிட்டு இருக்கு, ஆனா அந்தக் கம்பெனியே மெமரி சிப்புல வளர்ந்தது, விட மனசு வரல. ஒரு நாள் ஆபீஸ்ல ஜன்னல் பக்கம் பார்த்துட்டே இன்டெல்லோட தலைவர் கார்டன் மூர்கிட்ட குரோவ் கேக்கறாரு, நம்மள தூக்கிட்டு புதுசா ஒரு ஆளப் போட்டா அவரு என்ன பண்ணுவாருன்னு. மெமரிய விட்டு வெளிய வந்துருவாருன்னு மூர் சொல்றாரு. அப்ப நம்மளே வெளிய போயிட்டு திரும்பி உள்ள வந்து அதப் பண்ணா என்னங்கிறாரு குரோவ். அப்படி முடிவு பண்ண பிறகும் அத வாய் விட்டு சொல்ல அவருக்கு எவ்வளவு தடுமாற்றம், ஆட்கள வேலைய விட்டு அனுப்பினது, அடுத்த வருஷம் நஷ்டம் காட்டினது எல்லாத்தையும் எழுதியிருக்காரு. சிப் பத்தின டெக்னிக்கல் பக்கங்கள் புரியலன்னா தாண்டிப் போங்க, கதை விட்டுப் போகாது.