கிளாசிக்கல் கிறிஸ்டியன் ஸ்கூலுக்கு மகனை மாத்தலாமா? ஹட்டன் பக்கத்து அம்மா ஒருத்தருக்கு பதில்

தங்கச்சி, நீங்க அனுப்பின வொய்ஸ் மெசேஜ முழுசா கேட்டேன். மகன் தரம் 6, தேயிலைத் தோட்டத்து ஸ்கூல்ல படிக்கிறான், உங்க சபையில ஒரு பாஸ்டர் குடும்பம் டவுன்ல சின்னதா கிளாசிக்கல் கிறிஸ்டியன் ஸ்கூல் தொடங்குறாங்க, உங்க வீட்டுக்காரர் கட்டார்ல இருந்து காசு அனுப்புறேன் சேத்துவிடுன்றார், மாமியார் இருக்குற ஸ்கூல்லயே இருக்கட்டும்ன்றாங்க, நீங்க நடுவுல மாட்டிக்கிட்டு தூக்கம் இல்லாம இருக்கீங்க.

நேராவே சொல்லிடுறேன். அந்த படிப்பு முறை நல்லது, உங்க மகனுக்கு அது கிடைக்கணும்னு எனக்கும் ஆசைதான். ஆனா அதுக்காக ஓ எல், அதாவது அரசாங்க சாதாரண தரப் பரீட்சை பாதைய விட்டுட்டு போயிடாதீங்க.

இந்த கிளாசிக்கல் முறை என்னன்னு அவரும் நீங்களும் தெரிஞ்சுக்கிறது நல்லது. 1947ல ஆக்ஸ்ஃபோர்ட்ல டோரதி சேயர்ஸ்னு ஒரு எழுத்தாளர் ஒரு உரை செஞ்சாங்க, ஐரோப்பாவுல பழைய காலத்துல புள்ளைங்களுக்கு இலக்கணம், தர்க்கம், சொல்வன்மைன்னு மூணு படியா சொல்லிக்குடுத்தாங்க, இப்ப பாடத்த குடுக்குறோமே தவிர படிக்க கத்துக்குடுக்குறது இல்லன்னு அதுல சொன்னாங்க. அதை புடிச்சுக்கிட்டு 1981ல அமெரிக்காவுல ஐடஹோ பக்கம் ஒரு ஸ்கூல் தொடங்கி, அப்புறம் அது மாதிரி நிறைய வந்திருச்சு. சின்ன வயசுல புள்ள பாட்டு, வசனம், வாய்ப்பாடுன்னு எதை குடுத்தாலும் மனப்பாடம் பண்ணிடும். 11, 12 வயசுல ஏன் எதுக்குன்னு எதுத்து பேச ஆரம்பிக்கும், அந்த வாயை அடக்காம ஒழுங்கா வாதாட பழக்கணும். 15க்கு மேல சொந்தமா யோசிச்சு அழகா பேச, எழுத வைக்கணும். உங்க மகன் சரியா அந்த ரெண்டாவது படியில கால் வைக்கிறான், வீட்டுல வாய் காட்டுறான்னு நீங்க கவலப்பட்டீங்களே அதுவும் இதுதான், பயப்படாதீங்க.

இது ஏதோ வெளிநாட்டு விஷயம்னு மாமியார் நெனைக்கிறாங்க போல. 1823ல அமெரிக்கன் மிஷன் நம்ம நாட்டுலயே யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில ஒரு செமினரி தொடங்கினாங்க, வேதாகமத்தோட தமிழ், இங்கிலீஷ், தர்க்கம், கணிதம், வானசாஸ்திரம்னு எல்லாம் அங்க படிப்பிச்சாங்க. அங்க படிச்ச சி.வை. தாமோதரம்பிள்ளைதான் ஏட்டுல கிடந்த கலித்தொகைய 1887ல அச்சுக்கு கொண்டாந்தவர். அதனால லத்தீன் படிச்சாதான் கிளாசிக்கல்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, அமெரிக்க ஸ்கூல் புள்ளைங்களுக்கு லத்தீன் செய்யிற வேலைய நம்ம புள்ளைக்கு பழைய தமிழ் செய்யும். மனசுல ஊறுன குறளும் பைபிள் சங்கீதமும் இருந்தா அதுவே பெரிய அத்திவாரம்.

இப்ப ஓ எல் விஷயம், இதுலதான் எனக்கு பயம். ஏ எல், அதாவது உயர்தரம் போறதுக்கு ஓ எல்ல முதல்மொழியும் கணிதமும் சேத்து 6 பாடம் பாஸ் பண்ணணும், அதுல 3 பாடத்துல திறமைச் சித்தி (C) வேணும். அரசாங்க கெம்பஸ் (பல்கலைக்கழகம்) போறது ஏ எல் மார்க்க வெச்சு கணக்கு பண்ற இசட் ஸ்கோர்லயும் மாவட்ட கோட்டாவுலயும், நுவரெலியாவும் பதுளையும் கல்வியில பின்தங்கின மாவட்டம்னு அதுக்கு தனியா ஒரு சலுகையும் இருக்கு. நம்ம புள்ளைங்களுக்கு இருக்குற பெரிய வாசல் அது, தாத்தா பாட்டி காலத்துல தோட்டத்து ஸ்கூல்ல அஞ்சாம் வகுப்போட படிப்பு நின்னு போன சனம் நாம, அந்த வாசல நம்ம கையாலயே சாத்திடக்கூடாது. இன்டர்நெஷனல் ஸ்கூல்னு சொல்லி கம்பனி சட்டத்துல பதியிற இடங்கள் பெரும்பாலும் லண்டன் பரீட்சைக்கு கொண்டு போவாங்க, அதுல இசட் ஸ்கோர் வராது, பிறகு வெளிநாட்டு கெம்பஸுக்கோ பிரைவேட் டிகிரிக்கோதான் போகணும், கட்டார் சம்பளம் அதுக்கு தாங்குமான்னு அவரையே கேளுங்க. ஸ்கூல் ஃபீஸ் மட்டும் பாத்து முடிவு எடுக்காதீங்க.

அதனால நான் சொல்றது, மகன் ஸ்கூல்லயே இருக்கட்டும், பின்னேரம் ஒரு முக்கால் மணி நேரம் வீட்டுல நீங்க இதை செய்ங்க. லயத்து காம்பராவுல (தோட்டத்து வரிசை வீட்டு அறையில) இடம் இல்லன்னு சொன்னீங்க, வாசல்ல உக்காந்து செய்யலாம், இதுக்கு ஒரு பைபிளும் ஒரு கொப்பியும் போதும். நல்ல சமாரியன் கதைய சத்தமா வாசிக்க சொல்லுங்க, புத்தகத்த மூடிட்டு அவன் வாயால திருப்பி சொல்லணும், அதுக்கு பிறகு ஆசாரியன் ஏன் விலகிப் போனான்னு மூணு வரி எழுதணும். தப்பா எழுதினா உடனே திருத்தாதீங்க, ஏன் அப்படி நெனைக்கிறேன்னு மட்டும் கேளுங்க. தர்க்கம் படிப்பிக்க உங்களுக்கு தெரியாதுன்னு சொன்னீங்க, இப்படி ஒன்ன போட்டு பாருங்க: கொழுந்து பறிக்கிறவங்க எல்லாரும் தோட்டத்துல இருக்காங்க, சித்தி தோட்டத்துல இருக்கா, அதனால சித்தி கொழுந்து பறிக்கிறா. சரியா தப்பா? சித்தி தோட்டத்து ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கலாமேன்னு அவன் சொன்னான்னா அவனுக்கு புரிஞ்சிருச்சு. அப்புறம் அவனையே அது மாதிரி ஒன்னு செஞ்சு உங்கள மாட்டிவிட சொல்லுங்க, ரொம்ப சந்தோஷமா செய்வான். பேச்சுக்கு ஸ்கூல்ல தமிழ்மொழித்தினப் போட்டி வருது, அதுக்கு டீச்சர் எழுதிக்குடுத்தத ஒப்புவிக்காம அவனே எழுதி பேசட்டும், பரிசு வராட்டி பரவாயில்ல. இதோட சிங்களமும் இங்கிலீஷும் விடவே கூடாது.

இதெல்லாம் படிச்சு என்ன வேலை கிடைக்கும்னு அவர் கேட்டாராம், ஞாயமான கேள்வி. நம்ம ஏ எல் கலைப்பிரிவுலயே அளவையியலும் விஞ்ஞானமுறையும், கிரேக்க உரோம நாகரிகம், கிறிஸ்தவ நாகரிகம் எல்லாம் பாடமா இருக்கு, அதை நடத்துற ஸ்கூல்தான் தேடிப்பாக்கணும். லோ கொலேஜ் (சட்டக் கல்லூரி), பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வழியா டீச்சர் வேலை, தமிழ் சிங்கள மொழிபெயர்ப்பு, ஊழியம்னா பிலிமத்தலாவ இறையியல் கல்லூரி, இப்படி வழி இருக்கு. சயன்ஸ் போனாலும் ஒழுங்கா யோசிச்சு எழுதத் தெரிஞ்ச புள்ளைக்கு கட்டுரை வினாவுல கை நிக்காது.

பாஸ்டர் மேல எனக்கு எந்த குறையும் இல்ல, நல்ல எண்ணத்துலதான் தொடங்குறாங்க. அவங்ககிட்ட சனிக்கிழமையும் ஞாயிறு ஆராதனைக்கு பிறகும் கிளாஸ் மாதிரி நடத்த முடியுமான்னு கேளுங்க, உங்க லயத்துல இருந்தே அஞ்சாறு புள்ளைங்க வருவாங்க. இல்ல முழு நேரம்தான்னு சொன்னாங்கன்னா மூணு விஷயம் கேட்டுக்கோங்க: எங்க பதிஞ்சிருக்காங்க, புள்ளைங்க எந்த பரீட்சைக்கு யார் பேர்ல தோற்றுவாங்க, கணிதமும் விஞ்ஞானமும் படிப்பிக்கிறது யார். பதில வாயால வாங்காம எழுத்துல வாங்குங்க. அதையும் மகனோட போன தவணை ரிப்போர்ட்டையும் போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்க, அவர் லீவுல வந்ததும் மூணு பேரும் ஒரு போன் கோல்ல பேசுவோம், மாமியாரையும் பக்கத்துல உக்கார வைங்க.