உயர் நீதிமன்றம் ரத்து செய்த சட்டத்தைச் சட்டமன்றம் மறுபடியும் கொண்டுவர முடியுமா? அப்படியென்றால் தீர்ப்புக்கு என்ன மதிப்பு?

முடியும். எங்கள் குடும்பத்து நிலம் போனதே அந்த வழியில்தான். ஆனால் எல்லாத் தீர்ப்பையும் அப்படித் தாண்டிவிட முடியாது. சட்டம் எந்தக் காரணத்துக்காக ரத்தானது என்பதைப் பொறுத்தது அது.

உங்கள் கேள்வியைப் படித்தால், நீங்களும் ஒரு வழக்கில் ஜெயித்துவிட்டு, அரசு புதுச் சட்டம் கொண்டுவரப் போகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு நிம்மதியில்லாமல் இருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. பெரும்பாலும் நில எடுப்பு வழக்காகத்தான் இருக்கும். வேறு வழக்கென்றாலும் விதி ஒன்றுதான். நான் வக்கீல் இல்லை. சொந்த நிலத்துக்காக இந்தத் தீர்ப்புகளை வரிவரியாகப் படிக்க வேண்டி வந்தவன். சட்டம் படித்தவர்கள் திருத்தினால் கேட்டுக்கொள்கிறேன். 'வளர்ச்சிக்கு எதிரி' என்று கமெண்ட் போட வருபவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன். என் தம்பி தொழிற்சாலையில்தான் வேலை பார்க்கிறான். தொழிற்சாலையே வேண்டாம் என்று எங்கள் ஊரில் யாரும் சொன்னதில்லை. எங்களைக் கேட்டுவிட்டு எடுங்கள் என்றுதான் சொன்னோம்.

எங்கள் ஊர் வட மாவட்டத்தில் இருக்கிறது. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொதுவில் ஒரு கிணறு, அதைச் சுற்றி நெல்லும் கடலையும் போடுகிற நிலம். தொழிற்பேட்டைக்கு வேண்டும் என்று நோட்டீஸ் வந்தபோது நாங்கள் நம்பியிருந்தது பாராளுமன்றம் 2013-ல் நிறைவேற்றிய நில எடுப்புச் சட்டத்தை. 1894-ல் வெள்ளைக்காரர்கள் போட்ட சட்டத்தின் இடத்தில் வந்து, 2014 ஜனவரி 1 முதல் அமலான சட்டம் அது. எடுப்பதற்கு முன் சமூகத் தாக்க மதிப்பீடு, அதாவது திட்டத்தால் ஊர் மக்களுக்கு என்ன பாதிப்பு என்ற ஆய்வு, செய்ய வேண்டும். தனியார் திட்டத்துக்கு என்றால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தின் சம்மதம் வேண்டும்; அரசும் தனியாரும் சேர்ந்த திட்டத்துக்கு 70 சதவீதம். கிராமப்புறத்தில் சந்தை மதிப்பை இரண்டு மடங்கு வரை உயர்த்திக் கணக்கிட்டு, அதே அளவு ஆறுதல் தொகையும் சேர்த்துத் தர வேண்டும்.

நோட்டீஸோடு போய் விசாரித்தால், "இது அந்தச் சட்டத்துல வராதுங்க, இது ஸ்டேட் ஆக்ட்" என்றார்கள். "மாநிலச் சட்டம்னா பாராளுமன்றம் போட்ட சட்டத்தை விடப் பெருசா?" என்று அப்பா கேட்டார். அங்கே யாரும் பதில் சொல்லவில்லை. ஆனால் வழக்கு முழுக்க இந்த ஒரு கேள்வியின் மேல்தான் நின்றது.

தமிழ்நாட்டில் நிலம் எடுக்கத் தனியாக மூன்று சட்டங்கள் உண்டு. ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு 1978-ல் ஒன்று, தொழில் திட்டங்களுக்கு 1997-ல் ஒன்று, நெடுஞ்சாலைகளுக்கு 2001-ல் ஒன்று. நில எடுப்பு பொதுப் பட்டியலில் 42-வது இனம். மத்தியும் சட்டம் போடலாம், மாநிலமும் போடலாம். இரண்டும் முரண்பட்டால் மத்திய சட்டம் நிற்கும், முரண்படும் அளவுக்கு மாநிலச் சட்டம் செல்லாது. இது அரசியல் சட்டத்தின் 254-வது பிரிவு. அதே பிரிவிலேயே ஒரு விலக்கும் இருக்கிறது. மாநில மசோதாவைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பி அவர் ஒப்புதல் தந்துவிட்டால், அந்த மாநிலத்துக்குள் மாநிலச் சட்டமே செல்லும்.

2013 சட்டம் வந்ததும் மாநில அரசு தன் மூன்று சட்டங்களையும் காப்பாற்றப் பார்த்தது. மத்திய சட்டத்துக்குள்ளேயே 105ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, இந்த மூன்றுக்கும் மத்திய சட்டம் பொருந்தாது, இழப்பீடும் மறுவாழ்வும் மட்டும் அதன்படி கிடைக்கும் என்று திருத்தியது. அதற்கு 2015 ஜனவரியில் ஒப்புதலும் வந்தது. அதாவது பணம் புதுச் சட்டப்படி, ஆனால் மதிப்பீடும் சம்மதமும் கிடையாது. எங்களுக்கு வலித்தது அந்த இரண்டும் போனதுதான்.

பல மாவட்டங்களிலிருந்து வழக்குகள் போயின. எங்கள் ஊர்க்காரர்கள் சேர்ந்து போட்ட ரிட் மனுவும் அந்த வழக்குகளோடு சேர்ந்தது. 2019 ஜூலை 3-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மத்திய சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் 2013 செப்டம்பரில் ஒப்புதல் தந்த அன்றே மூன்று மாநிலச் சட்டங்களும் செயலிழந்துவிட்டன. செயலிழந்த சட்டங்களுக்கு வேறொரு சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து உயிர் கொடுக்க முடியாது. அவற்றையே மறுபடி இயற்றி ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும் என்றது. அந்தத் தேதிக்குப் பிறகு இந்தச் சட்டங்களின்படி எடுத்த நிலங்களில், திட்டத்துக்கு ஏற்கனவே பயன்படுத்திவிட்டவை தவிர மற்றதெல்லாம் ரத்து. எங்கள் நிலம் காலியாகத்தான் கிடந்தது. ஆடி பிறக்கிற சமயம். சித்தப்பா அந்த வாரமே ஏர் ஓட்டிக் கடலை விதைத்தார். வழக்கில் சேராமல் ஒதுங்கியிருந்தவர்கள்கூட எங்கள் வீட்டுக்கு வந்து அப்பா கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்தக் கடலை அறுவடையான பிறகு, டிசம்பரில், மூன்று சட்டங்களையும் மீட்டு, இடைக்காலத்தில் செய்த நில எடுப்புகளையும் செல்லுபடியாக்கும் புதுச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். 2013 செப்டம்பர் முதலே அமலில் இருந்ததாக முன்தேதியிட்ட சட்டம். அதை எதிர்த்த மனுக்களை 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதோடு எங்கள் நிலம் போய்விட்டது.

இப்போது உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதிக்கு வருகிறேன். நம் அரசியல் சட்டத்தில் சட்டமன்றம் தீர்ப்புச் சொல்ல முடியாது, நீதிமன்றம் சட்டம் இயற்ற முடியாது. 'இந்தத் தீர்ப்பு செல்லாது' என்று ஒரு சட்டம் போட்டால் அது நீதிமன்றத்தின் வேலையைச் சட்டமன்றம் பறிப்பது. ஆனால் தீர்ப்பு எந்தக் குறையைக் காட்டியதோ, அந்தக் குறையை நீக்கிப் புதுச் சட்டம் போடலாம், முன்தேதியிட்டும் போடலாம். 1969-ல் பிருத்வி காட்டன் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி இது. குறை உண்மையிலேயே நீங்கியிருக்க வேண்டும். நீங்கியிருந்தால், பழைய தீர்ப்பை இன்றைய சட்ட நிலையில் நீதிமன்றமே சொல்லியிருக்காது என்றாகிவிடும். எங்கள் வழக்கில் உயர் நீதிமன்றம் காட்டிய குறை, போன வழி தப்பு என்பது. சரியான வழியில் போய்விட்டு வந்தார்கள், முடிந்தது. மத்திய சட்டத்தைவிட இது பாரபட்சமாக இருக்கிறதே என்ற வாதமும் எடுபடவில்லை. வேறுபாட்டை அனுமதிப்பதற்குத்தான் 254-ல் அந்த விலக்கே இருக்கிறது என்றார்கள்.

எங்களுக்கு எதிராக வந்த விதிதான், ஆனாலும் விதி சரி என்றே சொல்வேன். ஊரில் பலருக்கு இதில் என் மேல் கோபம் உண்டு. 1991 ஜூனில் காவிரி நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 205 டிஎம்சி தர வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது. அடுத்த மாதமே கர்நாடகம் அவசரச் சட்டம் போட்டு, அந்த உத்தரவு தன்னைக் கட்டுப்படுத்தாது என்றது. அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த அவசரச் சட்டம் அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்றது. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக ஒரு மாநிலம் இருக்க முடியாது என்பதுதான் சாரம். குறையை நீக்கிச் சட்டம் போடலாம், உத்தரவையே செல்லாது என்று சட்டம் போட முடியாது என்ற ஒரே கோட்பாடுதான் அன்றைக்கு டெல்டாவைக் காப்பாற்றியது, இன்றைக்கு எங்களைத் தோற்கடித்தது. ஜல்லிக்கட்டையும் நினைத்துப் பாருங்கள். 2014-ல் உச்ச நீதிமன்றம் தடை சொன்னது, 2017-ல் மாநிலம் மத்திய சட்டத்தைத் திருத்தி ஒப்புதல் வாங்கியது, 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அதை ஏற்றார்கள். அந்தத் திருத்தத்துக்காக மெரினாவில் உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். அந்த வழியை அன்று கொண்டாடிவிட்டு, என் நிலத்துக்கு வரும்போது மட்டும் மோசடி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் என்றால் நடைமுறையில் அது மத்திய அமைச்சரவையின் முடிவு. 74-வது பிரிவுப்படி அவர்கள் ஆலோசனையில்தான் அவர் நடக்க வேண்டும். சட்டமன்றம் இரண்டு முறை நிறைவேற்றிய நீட் விலக்கு மசோதா அந்த வாசலைத் தாண்டவில்லை. எங்கள் நிலத்தை எடுக்கும் சட்டம் சில மாதங்களில் தாண்டிவிட்டது. மாநில சுயாட்சி பேசுகிறவர்களும் சரி, வலுவான மத்திய அரசு வேண்டும் என்கிறவர்களும் சரி, விவசாயியின் சம்மதத்தை நீக்குவதில் சண்டையே போடவில்லை. கட்சி அரசியல் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த மூன்று சட்டங்களைக் கொண்டுவந்ததிலும் காப்பாற்றியதிலும் இரண்டு கழகங்களுக்கும் பங்கு இருக்கிறது.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தன் நிலத்தைப் பற்றிய தீர்ப்பை என் அப்பா படிக்க முடியவில்லை. அத்தனையும் ஆங்கிலம். இரவில் நான் படித்துச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருப்பார். 348-வது பிரிவுப்படி, குடியரசுத் தலைவர் சம்மதித்தால் உயர் நீதிமன்றத்தில் மாநில மொழியைப் பயன்படுத்தலாம். ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் நான்கிலும் இந்திக்கு அந்த அனுமதி இருக்கிறது. தமிழுக்காக 2006-ல் நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டும் கிடைக்கவில்லை. சில தீர்ப்புகள் இப்போது தமிழில் மொழிபெயர்த்து வருகின்றன என்பது தெரியும். வாதம் நடக்கும்போது பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற விவசாயிக்கு அது உதவாது.

சரி, உங்களுக்கு. தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் 'ரத்து' என்று இருப்பதை மட்டும் பார்க்காதீர்கள், காரணத்தைத் தேடிப் படியுங்கள். ஒப்புதல் வாங்கவில்லை, நடைமுறையைப் பின்பற்றவில்லை, மத்திய சட்டத்தோடு மோதுகிறது என்ற மாதிரிக் காரணங்கள் என்றால், அரசு அதைச் சரிசெய்துகொண்டு திரும்பி வரலாம் என்று நினைத்தே நடந்துகொள்ளுங்கள். அந்த இடைவெளியில் நிலத்தின் மேல் கடன் வாங்கிப் பெரிய செலவு எதுவும் செய்யாதீர்கள். அடிப்படை உரிமையை மீறுகிறது என்று ரத்தாகியிருந்தால் உங்கள் கை கொஞ்சம் பலமானது. அந்த மீறல் நீங்காதவரை அதே சட்டம் திரும்ப முடியாது. அதற்கும் மேலே, அரசியல் சட்டத்தைத் திருத்தினால்கூடக் கைவைக்க முடியாத அடிப்படைக் கட்டமைப்பு என்று ஒன்று இருக்கிறது, 1973-ல் கேசவானந்த பாரதி வழக்கில் 7-க்கு 6 என்று தீர்ப்பானது. இந்திரா காந்தியின் தேர்தல் வழக்கை நீதிமன்றத்தின் கைக்கு எட்டாமல் செய்யப் பாராளுமன்றம் 1975-ல் அரசியல் சட்டத்தையே திருத்தியபோது, அந்தத் திருத்தத்தின் அந்தப் பகுதி நிற்காமல் போனது இதனால்தான். ஆனால் நிலம் வைத்திருக்கிறவர்கள் இதை ரொம்ப நம்ப வேண்டாம். சொத்துரிமை 1978-ல் 44-வது திருத்தத்தோடு அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து வெளியே போய்விட்டது. இப்போது 300ஏ பிரிவில், சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் பறிக்கக் கூடாது என்ற அளவில்தான் இருக்கிறது. சட்டம் போட்டுவிட்டால் அந்த அதிகாரம் வந்துவிடுகிறது.

நில எடுப்பு வழக்குதான் என்றால் இழப்பீட்டுச் சண்டையை விட்டுவிடாதீர்கள். தொகையை வாங்கும்போது ஆட்சேபத்தோடு வாங்குகிறேன் என்று எழுதிக் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கிணறு, பம்ப்செட், மரங்கள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, அடங்கலோடு சேர்த்து வையுங்கள். 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை மாநிலம் முழுக்க 33 சதவீதம் குறைத்தார்கள். அதற்குப் பிந்திய மதிப்பை மட்டும் வைத்து உங்கள் நிலத்துக்கு விலை போட்டிருந்தால், பக்கத்து நிலங்களின் கிரயப் பத்திர நகல்களை எடுத்துக்கொண்டு கேள்வி கேளுங்கள். எங்கள் இழப்பீட்டு வழக்கு அந்தப் பத்திரங்களை வைத்துத்தான் இப்போது நடந்துகொண்டிருக்கிறது.