உலோகம் எங்கும் உண்டு, தாது சில இடங்களில்தான்: வாசகர் கேள்விகள்

பூமிக்கடியில் நடப்பவை பற்றி வந்த கேள்விகளில், ஒன்றோடொன்று தொடர்புள்ளவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மேலோட்டுக்குக் கீழே முழுக்க நெருப்புக் குழம்புதானே? அதைத்தானே எரிமலை கக்குகிறது?

இல்லை. பாடப் படங்களில், மேலோட்டுக்குக் கீழே இருக்கும் கவசம் என்ற அடுக்கைச் செக்கச்செவேலென்று தீட்டித் தீட்டி இந்த எண்ணத்தை வளர்த்துவிட்டோம். சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை நீளும் கவசம் திடப்பாறை. நிலநடுக்க அலைகளில் ஒரு வகை, திரவத்துக்குள் நுழையவே முடியாதது. அது கவசத்தைத் தடையின்றிக் கடந்து வருகிறது. ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடிருந்தும் பாறை உருகாததற்குக் காரணம் அழுத்தம்.

அந்த அழுத்தம் குறைந்தால் உருகும். கடலடியில் புவித்தட்டுகள் விலகும் இடங்களில் கவசப்பாறை மேலெழுகிறது. சூடு கூடாமலேயே அதில் ஒரு பகுதி உருகி, ஆறினால் பசால்ட் என்ற கரும்பாறையாகும் குழம்பாகிறது. நீர் சேர்ந்தாலும் உருகும். ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் அமிழும்போது அதிலிருந்து வெளியேறும் நீர், மேலே உள்ள கவசப்பாறையின் உருகுநிலையை இறக்கிவிடுகிறது. இரண்டிலும் உருகுவது ஒரு சிறு பகுதிதான். திடக் கனிமங்களின் அமைப்பில் பொருந்தாத தனிமங்கள் அந்தக் குழம்புக்குள் முதலில் போய்விடும். பூமி தனிமங்களைச் சலித்துப் பிரிக்கும் முதல் வேலை இது.

கேள்வி: நிலக்கரி இறுகி வைரமாகிறது என்று படித்தேன். சரியா?

அழியாமல் சுற்றிவரும் கதை. பெரும்பாலான வைரங்களுக்கு நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் வயது. நிலக்கரி தந்த நிலத் தாவரங்கள் தோன்றியதோ ஐம்பது கோடி ஆண்டுகளுக்குள். பேரன் தாத்தாவைப் பெற முடியாது.

பழைய கண்டங்களின் தடித்த, ஒப்பீட்டளவில் குளிர்ந்த வேர்ப்பகுதியில், ஏறத்தாழ 150 முதல் 200 கிலோமீட்டர் ஆழத்தில், கவசத்துத் திரவங்களில் இருந்த கார்பன் வைரமாகிறது. கிம்பர்லைட் என்ற எரிமலைக் குழம்பு அதை ஏற்றிக்கொண்டு மேலே வருகிறது. பயணம் வேகமாக நடக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். மொராக்கோவின் பெனி புசேராவில் கவசப்பாறை மெதுவாக மேலே வந்தது. அங்கே வைரத்துக்குரிய எண்முகப் படிக வடிவம் அப்படியே இருக்கிறது. உள்ளே இருப்பதோ, வழியில் வைரம் மாறிப்போன கிராஃபைட், அதாவது பென்சில் முனைப் பொருள். நகைக்காரர் யாரும் சீந்த மாட்டார், எனக்கோ வைரத்தைவிட அதில்தான் ஆர்வம்.

கேள்வி: தங்கம் ஏன் வெள்ளைக் குவார்ட்ஸ் நாளங்களிலேயே கிடைக்கிறது? இரண்டுக்கும் உறவு உண்டா?

பிறப்பில் உறவு இல்லை, வழித்துணைதான். நாளம் என்பது பாறைப் பிளவில் கனிமம் படிந்து நிரம்பிய பட்டை. மேலோட்டின் ஒரு டன் பாறையில் சராசரியாகச் சில மில்லிகிராம் தங்கம் இருக்கும். சுரங்கம் கட்டுப்படியாகப் பொதுவாக டன்னுக்குச் சில கிராம் வேண்டும். அந்த ஆயிரம் மடங்கைச் சேர்த்துக் கொடுக்க யாராவது சுமக்க வேண்டும், சுமப்பது வெந்நீர்.

மலைகள் எழும்போது பழைய பசால்ட் பாறைகள் ஆழத்தில் புதைந்து சூடாகின்றன. அவற்றின் கனிமங்கள் வேறு கனிமங்களாக மாறும்போது, உள்ளே கட்டுண்டிருந்த நீரும் கந்தகமும் விடுபடுகின்றன. தங்கம் வெறும் நீரில் கரைவது மிகச் சொற்பம். கந்தகத்தோடு சேர்ந்தால் கரையும். அந்தக் கரைசல் பிளவுகளைப் பிடித்து மேலே ஏறுகிறது.

பிறகு சுமையை இறக்க ஒரு காரணம் வேண்டும். நிலநடுக்கத்தில் பிளவு சட்டென்று விரியும்போது அழுத்தம் சரிகிறது. கரைந்திருந்த சிலிக்கா குவார்ட்ஸாகப் படிகிறது, தங்கமும் கூடவே இறங்குகிறது. இன்னொரு வழியும் உண்டு. சுவர்ப்பாறையில் உள்ள இரும்பு கந்தகத்தைப் பிடுங்கி பைரைட் என்ற இரும்பு சல்ஃபைடாகிவிடும். துணையை இழந்த தங்கம் அங்கேயே விழும். இது ஆயிரக்கணக்கான முறை நடந்தால் ஒரு நல்ல நாளம் உருவாகும்.

பெரிய தங்கக் கட்டிகள் எப்படி என்று சிலர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். குவார்ட்ஸை நெருக்கினால் மின்னழுத்தம் உண்டாகும்; கரைசலில் இருக்கும் தங்கம் அதனால் ஏற்கெனவே படிந்த தங்கத்தின் மேலேயே போய் ஒட்டும் என்று ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் ஆய்வகச் சோதனையில் காட்டினார்கள். நிலத்தடியிலும் அப்படித்தான் என்று இதை மட்டும் வைத்து முடிவுகட்ட மாட்டேன். ஆனால் எனக்குப் பிடித்த விளக்கம்.

வெள்ளைக் கல்லைக் கண்டதும் உடைக்கக் கிளம்பிவிடாதீர்கள். பெரும்பாலான குவார்ட்ஸ் நாளங்களில் தங்கம் இல்லை.

கேள்வி: சிலி நாட்டில் எரிமலைகளும் உண்டு, செம்பும் உண்டு. அப்படியானால் எரிமலை உள்ள இடமெல்லாம் செம்பு இருக்க வேண்டாமா?

எரிமலை வெடித்தால் கந்தகமும் உலோகங்களில் ஒரு பங்கும் காற்றோடு போய்விடும். செம்புக்கு வேண்டியது வெடிக்காமல் நின்றுபோன குழம்பு. அமிழும் தட்டு தந்த நீரைச் சுமந்த குழம்பு, தரைக்குச் சில கிலோமீட்டர் கீழே தங்கி இறுகும்போது, அந்த நீர் உப்புக் கரைசலாகப் பிரிகிறது. குளோரின் நிறைந்த அந்தக் கரைசல் செம்பை வாரிக்கொண்டு, சுற்றியுள்ள பாறையை நொறுக்கி, மயிரிழைப் பிளவுகள் முழுவதும் பரவி ஆறுகிறது. சுக்கிகமாட்டா, எல் தெனியெந்தே போன்ற பெருஞ்சுரங்கங்கள் இந்த வகை. பல இடங்களில் தாதுவில் செம்பு ஒரு சதவீதம்கூட இருக்காது. அளவு பெரிது என்பதால்தான் தோண்டுகிறார்கள்.

கேள்வி: படிகம் பெரிதாக இருந்தால் குழம்பு மெதுவாக ஆறியது என்று அர்த்தம்தானே?

பசால்ட்டையும் கிரானைட்டையும் ஒப்பிட அந்த விதி போதும். குழம்பின் கடைசி மிச்சத்தில் உருவாகும் பெக்மடைட் என்ற பாறையில் உதவாது. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் எட்டா சுரங்கத்தில் ஏறத்தாழ 14 மீட்டர் நீளமுள்ள ஸ்போடுமீன் (ஒரு லித்தியக் கனிமம்) படிகம் கிடைத்தது. நீரும் லித்தியமும் போரானும் நிறைந்த கடைசிச் சொட்டுக் குழம்பில் படிகம் முளைப்பது அரிது. முளைத்தது கட்டுப்பாடின்றி வளரும்.

கேள்வி: காந்தம் ஒட்டும் கருங்கல் கிடைத்தது. விண்கல்லா?

அநேகமாக மேக்னடைட் என்ற இரும்புத் தாது. மெருகிடாத பீங்கானில் தேய்த்துப் பாருங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் ஆசையை விட்டுவிடலாம்.

கேள்வி: தாதுக்கள் உருவாவது முடிந்துபோன கதையா?

இல்லை, இன்றும் நடக்கிறது. 1979-இல் கிழக்குப் பசிபிக் கடலடி மேட்டில் கரும்புகை கக்கும் ஊற்றுகளை ஆல்வின் நீர்மூழ்கியிலிருந்து கண்டார்கள். 350 டிகிரிக்கு மேல் சூடான அந்த நீர் வெப்பமானியின் பிளாஸ்டிக்கையே உருக்கிவிட்டது. புகையாகத் தெரிந்தது குளிர்ந்த கடல்நீரில் பட்டதும் உறைந்த உலோக சல்ஃபைடு துகள்கள்.

தரையிலும் உண்டு. பாப்புவா நியூ கினியின் லிகிர் தீவில் ஆழத்து வெந்நீர் ஆண்டுக்குச் சுமார் 24 கிலோ தங்கத்தைச் சுமந்து வருகிறது என்று 2006-இல் கணக்கிட்டார்கள். அந்த வேகத்தில் அங்குள்ள பெரும்படிவம் சேர ஏறத்தாழ 55,000 ஆண்டுகள் போதும். புவியியல் கணக்கில் அது மிகக் குறைவு. அதே வெப்பத்தில் கிடைக்கும் நீராவியைக் கொண்டு சுரங்கத்துக்கு மின்சாரமும் எடுத்திருக்கிறார்கள்.