ஆஸ்பத்திரியில் இருக்கும் குழந்தைக்கு இசை சிகிச்சை உண்மையிலேயே உதவுமா?

உங்கள் 4 வயது மகனுக்கு அடுத்த மாதம் ஆபரேஷன், இசை சிகிச்சையை முயலலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நோயைத் தீர்க்குமா என்றால் தீர்க்காது. பயத்தையும் வலியையும் குறைக்குமா என்றால் குறைக்கும். ஆனால் போனில் பாட்டு போடுவதுதான் இசை சிகிச்சை என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி நினைத்துத்தான் நான் சொதப்பினேன்.

போன வருடம் நவம்பர். மழை விட்டு விட்டுப் பெய்து, சென்னையே கொசுவான நேரம். 5 வயது மகளுக்கு டெங்கு. டெங்குவில் காய்ச்சல் விடும்போதுதான் கவனம் அதிகம் வேண்டும், பிளேட்லெட் இறங்குவது அப்போதுதான். அதனால் காலையும் மாலையும் ரத்தம் எடுத்தார்கள். இரண்டாம் நாள் இரவு, கையில் போட்டிருந்த வென்ஃப்ளான் (டிரிப்ஸ் ஏற்ற நரம்பில் செருகும் சின்ன குழாய்) இருந்த இடம் வீங்கிவிட்டது, மறு கையில் போட வேண்டும். நரம்பு கிடைக்கவில்லை. நான் உதவுவதாக நினைத்து, அவளுக்கு உயிரான ஒரு சினிமாப் பாட்டை முழு சத்தத்தில் வைத்து, போனை முகத்துக்கு நேரே பிடித்தேன். நான்காவது குத்தில்தான் ஏறியது. பாட்டு திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருந்தது.

பாட்டு ஊசியோடு ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் டீக்கடையில் அது காதில் விழுந்தால் இடது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்கிறாள்.

மறுநாள் வார்டுக்கு ஒரு அம்மா வந்தார். பாட்டு டீச்சராக இருந்து, பிறகு இசை சிகிச்சை படித்தவர். (அதற்கு ரொம்ப தூரம் போக வேண்டாம், புதுச்சேரி ஸ்ரீ பாலாஜி வித்யாபீடத்தில் இதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது.) நீலாம்பரி ராகம் பாடித் தூங்கவைப்பார் என்று பார்த்தால், அவர் வாயே திறக்கவில்லை. கட்டில் ஓரம் உட்கார்ந்து, இவள் அழுகிற வேகத்துக்கே கட்டில் கம்பியில் விரலால் தட்டினார். அழுகை ஏறினால் தட்டும் ஏறியது. இவளுக்குச் சந்தேகம் வந்து சட்டென்று அழுகையை நிறுத்திப் பார்த்தாள். தட்டும் நின்றது. மறுபடி அழுதாள், இந்த முறை பாதி நடிப்பு. தட்டும் வந்தது. கொஞ்ச நேரத்தில் அது விளையாட்டாகவே ஆகிவிட்டது. அதற்கு அப்புறம்தான் அவர் வேகத்தைத் துளித்துளியாகக் குறைத்தார். இவள் மூச்சும் கூடவே இறங்கியது. குழந்தை எந்த மனநிலையில் இருக்கிறதோ அதற்கு ஒத்த இசையில் தொடங்கி மெல்ல மாற்றுவது, 1940களில் ஆல்ட்ஷூலர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் சொன்ன முறை. ஐசோ கோட்பாடு என்பார்கள்.

மாலை ரத்தம் எடுக்கும்போதும் அவர் இருந்தார். ஒரு சின்ன கிலுகிலுப்பையை ஸ்பிரிட்டால் துடைத்து இவள் கையில் கொடுத்து, "நீ ஆட்டுற வரைக்கும்தான் சிஸ்டர் வேலை செய்வாங்க, நிறுத்தினா அவங்களும் நிறுத்திடுவாங்க" என்றார். இவள் இரண்டு முறை நிறுத்தினாள். சிஸ்டரும் நிஜமாகவே கையை எடுத்தார் (அவருக்குக் கோயில் கட்டலாம்). மூன்றாவது தடவை ஊசி போய்விட்டது. அழவே இல்லை என்று கதை விட மாட்டேன், அழுதாள். ஆனால் நானும் என் மனைவியும் கை காலை அமுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

எந்த ராகம் எந்த நோய்க்கு என்று ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, என் மாமியார் அதை எனக்கு மூன்று முறை அனுப்பிவிட்டார். நான் அதை நம்பவில்லை. நீலாம்பரி தாலாட்டு ராகம்தான், மறுக்கவில்லை. ஆனால் கானா கேட்டு வளர்ந்த பிள்ளை மெதுவாகப் பாடிய கானாவுக்குத்தான் கண்ணயரும். 2013இல் ஜோயான் லோவி என்ற இசை சிகிச்சையாளரின் குழு வெளியிட்ட ஆய்வும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்தது. அமெரிக்காவில் 11 மருத்துவமனைகள், குறைமாதத்தில் பிறந்த 272 குழந்தைகள். பெற்றோருக்குப் பிடித்த பாட்டையே தாலாட்டு போல மாற்றி, குழந்தையின் மூச்சைப் பார்த்துப் பார்த்து நேரில் பாடினார்கள். இதயத் துடிப்பு தணிந்தது, பெற்றோரின் பதற்றமும் குறைந்தது. பதிவு செய்த பாட்டுக்குக் குழந்தையின் மூச்சு தெரியாது. எனக்குப் புரிந்த வித்தியாசம் அதுதான்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மருத்துவமனையில் இசை சிகிச்சையாளர் இருக்கிறாரா என்று கேளுங்கள், பெரும்பாலும் இருக்க மாட்டார். அப்படியானால் நீங்களே பாட வேண்டியதுதான், சுருதி சேராவிட்டாலும் பரவாயில்லை. அவனுக்கு உயிரான பாட்டு வேண்டாம், வேறு ஒன்றை இன்றிலிருந்தே வீட்டில் பழக்குங்கள். ஒவ்வொரு வரியிலும் கடைசி வார்த்தையை அவனுக்கு விட்டுவையுங்கள். மயக்க மருந்து டாக்டரிடம், அவனோடு எதுவரை உள்ளே வரலாம் என்று முன்பே கேட்டுவிடுங்கள், அன்றைக்குக் காலையில் கேட்டால் யாரும் நின்று பதில் சொல்ல மாட்டார்கள்.

கிலுகிலுப்பைக்குக் கடை தேட வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் யூரின் டெஸ்ட்டுக்கு விற்கும் டப்பா ஒன்று புதிதாக வாங்கி, ஒரு ஸ்பூன் துவரம் பருப்பு போட்டு, மூடியைச் சுற்றி பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள். பிளாஸ்திரியை மறக்காதீர்கள். நாங்கள் மறந்தோம், அப்புறம் ஒரு பருப்பை மூக்கிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று.