மெத்தென்ற சீட்டில் ஏன் வலிக்கிறது? மின்சைக்கிள் கேள்வி பதில்

கேள்வி: பல வருடம் சாதா சைக்கிள் ஓட்டினேன், ஒரு வலியும் இல்லை. மின்சைக்கிளுக்கு மாறிய ஒரே மாதத்தில் உட்காரும் இடம் நோகிறது. இத்தனைக்கும் இதில் சீட் பெரியது. ஏன்?

மோட்டார்தான் காரணம். சாதா சைக்கிளில் பெடலை அழுத்தி மிதிக்கும்போது உடம்பின் எடையில் ஒரு பங்கைக் கால்கள் வாங்கிக்கொள்ளும். மேடு வந்தால் எழுந்து நின்று மிதிப்போம். மோட்டார் தள்ளிக் கொடுக்கும்போது கால் சும்மா சுற்றுகிறது, எடை மொத்தமும் சீட்டில் இறங்குகிறது. பெரும்பாலான மின்சைக்கிள்களில் நிமிர்ந்து வேறு உட்காருகிறோம். கைகள் தாங்கும் பங்கும் போச்சு. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவையாவது எழுந்து நாலு மிதி மிதியுங்கள். குழி வருவது தெரிந்தால் சீட்டிலிருந்து சற்றே எழும்பிக்கொள்ளுங்கள். சீட் மாற்றும் யோசனை அதற்கப்புறம்.

கேள்வி: கடையில் அமுக்கிப் பார்த்து, இருப்பதிலேயே மெத்தென்ற ஜெல் சீட்டை வாங்கினேன். முதல் கால் மணி நேரம் சொர்க்கம். அப்புறம் மரத்துப்போகிறது.

கட்டைவிரலால் அமுக்கிச் சீட் வாங்காதவர் யார்? நானும் அப்படித்தான் வாங்கினேன். அந்தச் சீட் இப்போது என் பட்டறையில் முட்டுக்கொடுக்கும் கட்டையாக உழைக்கிறது.

நாம் உட்காருவது சதையில் இல்லை, இடுப்பெலும்பின் அடியில் துருத்தி நிற்கும் இரண்டு முனைகளில். பிசைந்த மாவில் இரண்டு கட்டைவிரலையும் பக்கம் பக்கமாக அழுத்திப் பாருங்கள். விரல்கள் இறங்கும், நடுவில் மாவு மேலெழும்பும். ஜெல் சீட்டிலும் இதேதான். எலும்பு முனைகள் புதைய, எழும்பிய ஜெல் நடுவில் உள்ள மென்மையான இடத்தை அழுத்துகிறது. நரம்பும் இரத்தக் குழாயும் ஓடுவது அங்கேதான். எலும்பைத் தாங்கும் அளவுக்கு உறுதியான ஃபோம், அதன்மேல் மெல்லிய மெத்தை இருந்தால் போதும். உட்கார்ந்த முதல் நிமிடத்தில் அது கொஞ்சம் கடினமாகத் தெரியும், பரவாயில்லை.

மரத்துப்போவதை மட்டும் பழகிவிடும் என்று விடாதீர்கள். சைக்கிளை விட்டு இறங்கியும் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: சரி, எந்த அகலம் வாங்குவது? ஆள் பருமன் என்றால் அகலச் சீட்டா?

பருமனுக்கும் எலும்பு முனைகளின் இடைவெளிக்கும் நேர்க்கணக்கு கிடையாது. ஒல்லியானவருக்கு அகலமாகவும் பருமனானவருக்குக் குறுகலாகவும் பார்த்திருக்கிறேன். அளந்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

உள்ளே நெளிவு நெளிவாக இருக்கும் பெட்டி அட்டையில் ஒரு துண்டு வெட்டி, கடினமான ஸ்டூலில் வையுங்கள். மெல்லிய உடையோடு அதன்மேல் உட்கார்ந்து, முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர்கிற மாதிரி குதிகாலைத் தூக்குங்கள். ஸ்டூலின் அடியைப் பிடித்து உடம்பைக் கீழே இழுங்கள். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு பள்ளம் இருக்கும். தெரியாவிட்டால் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேயுங்கள், பள்ளம் மட்டும் வெள்ளை ஆகாமல் நிற்கும். ஒன்றின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு அளந்தால் பெரும்பாலோருக்கு 100 முதல் 150 மில்லிமீட்டருக்குள் வரும். முன்னால் சாய்ந்து ஓட்டுபவர் அதோடு சுமார் 20 கூட்டிக்கொள்ளலாம். நிமிர்ந்து ஓட்டுபவருக்கு 30 அல்லது அதற்கு மேல் வேண்டும்.

கேள்வி: அகலச் சீட் போட்டேன். உள்தொடை உரசிப் புண்ணாகிறது.

பின்பகுதி சரி, முன்னால் நீளும் மூக்குப் பகுதிதான் தடிமன். பின்னால் அகன்று சட்டென்று ஒடுங்குகிற, மேலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட ஆங்கில ‘T’ எழுத்து மாதிரித் தெரிகிற சீட்டைத் தேடுங்கள்.

கேள்வி: நடுவில் ஓட்டை உள்ள சீட் அவசியமா?

மரத்துப்போகிறவருக்குப் பெரும்பாலும் உதவும். சிலருக்கு ஓட்டையின் விளிம்பே குத்தும். உட்கார்ந்து ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

கேள்வி: அழுத்தம் குறையட்டும் என்று சீட்டின் மூக்கைக் கீழே சாய்த்தேன். இப்போது மணிக்கட்டு வலிக்கிறது.

சறுக்கு மரத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உடம்பு முன்னால் வழுக்க, கைகள் பிடித்து நிறுத்துகின்றன. சைக்கிளைச் சமதரையில் நிறுத்தி, சீட்மேல் ரசமட்டம் வைத்து மட்டமாக்குங்கள். வேண்டுமானால் ஓரிரு டிகிரி இறக்கலாம், அதற்குமேல் வேண்டாம்.

உயரத்தையும் பாருங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக வேண்டும். சீட் அதைவிட உயரமானால் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும், எந்தச் சீட்டும் உரசத்தான் செய்யும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பழைய இடத்தை டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டால் திரும்பிவர வழி இருக்கும்.

கேள்வி: ஸ்பிரிங் சீட்டா, சஸ்பென்ஷன் வைத்த சீட் கம்பியா?

முதலில் டயரைப் பாருங்கள். காற்றழுத்த வரம்பு டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும். அந்த வரம்புக்குள்ளேயே கொஞ்சம் குறைத்தால் அதிர்வில் ஒரு பங்கு செலவில்லாமல் அடங்கும். அப்புறமும் முதுகில் குத்து விழுந்தால் நான் சஸ்பென்ஷன் கம்பியைத்தான் சொல்வேன், அதாவது சீட்டைத் தாங்கும் கம்பியிலேயே ஸ்பிரிங் வைத்தது. பிடித்த சீட்டை மாற்றாமலே பொருத்தலாம். அதன் ஸ்பிரிங் உங்கள் எடைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். உங்கள் கம்பியின் விட்டம் 27.2, 30.9, 31.6 மில்லிமீட்டர் என ஏதாவது ஓர் அளவாக அதன் அடிப்பகுதியில் பொறித்திருக்கும், உருவிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மெல்லிய கம்பியை வளையம் செருகிப் பெரிய குழாயில் போடலாம். தடித்த கம்பியைச் சின்னக் குழாயில் போட வழியே இல்லை.

குள்ளமானவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தக் கம்பியின் பொறி சீட்டுக்கு அடியில் இடம் பிடிக்கும். இப்போதே சீட்டைக் கடைசிவரை இறக்கித்தான் ஓட்டுகிறீர்கள் என்றால் இது உங்களுக்குச் சரிவராது.

கேள்வி: பேட்டரி சீட்டுக்கு நேர்கீழே இருக்கிறது. புது ஸ்பிரிங் சீட் போட்டதிலிருந்து வெளியே எடுக்க முடியவில்லை.

அந்த வகையில் சீட் முன்னால் மடிந்தால்தான் பேட்டரி மேலே வரும். நீங்கள் போட்ட சீட்டின் ஸ்பிரிங்குகள் வழியில் நிற்கின்றன. மடிக்கும் கீல் சீட்டோடு சேர்ந்ததா, கம்பியோடு சேர்ந்ததா என்று பாருங்கள். கம்பியோடு என்றால் ஸ்பிரிங் இல்லாத, அடி தட்டையான சீட் ஒன்றை மாட்டினால் முடிந்தது. சீட்டோடு என்றால் பழையதை மறுபடி மாட்டி, மேல்மெத்தையை மட்டும் மாற்றித் தைக்கக் கொடுங்கள்.