போர்த்துக்கலுக்கும் துணி நெய்யத் தெரியும்

அக்கா, மகள் உயர்தரத்தில் எந்தப் பிரிவு படிப்பது என்று கேட்க சனிக்கிழமை நீங்களும் மகளும் உவர்மலையிலிருந்து என்னிடம் வந்திருந்தீர்கள். சாதாரண தரத்தில் 9 ஏ எடுத்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்கள் கண் கலங்கினீர்கள். “9 ஏ எடுத்துவிட்டுக் கொமர்ஸா?” என்று கனடா மாமா கேட்கிறார். பயோ (உயிரியல்) படிக்க யாழ்ப்பாணத்தில் போர்டிங்கும் பார்த்தாயிற்று, ரியூஷன் காசுக்குத் தாலிக்கொடியை அடகு வைப்பதாக யோசனை. ஆறுதலாக யோசியுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்படிச் சொன்னது பிழை. அடகு வைக்காதீர்கள் என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

மகளின் கொப்பியைத் திறந்து பார்த்தீர்களா? திருக்கடலூரில் அப்பாவின் வாடியில் சூரை கிலோ என்ன விலைக்குப் போனது என்று நாள்வாரியாக எழுதியிருக்கிறாள். பக்கத்திலேயே அன்றைய டொலர் விலை, சிவப்புப் பேனையில். “டொலர் ஏறின அன்றே ஏன் மீன் விலை ஏறுவதில்லை, சேர்?” என்று கேட்டாள். இதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

பயோவும் அவளால் முடியும் என்கிறீர்கள். முடியும்தான். ஆனால் முடியும் என்பதற்காகச் செய்ய வேண்டுமா? 1817இல் டேவிட் ரிக்கார்டோ என்ற ஆங்கிலப் பொருளியலாளர் ஒரு கணக்குப் போட்டார். குறிப்பிட்ட அளவு துணிக்கு இங்கிலாந்தில் 100 பேரின் ஒரு வருட உழைப்பு வேண்டும், வைனுக்கு 120 பேர். போர்த்துக்கலில் துணிக்கு 90, வைனுக்கு 80. இரண்டிலும் போர்த்துக்கல்தான் கெட்டி. ஆனாலும் வைனைச் செய்து விற்றுத் துணியை வாங்குவதே அதற்கு லாபம். துணி நெய்ய உட்கார்ந்தால் கைவிட வேண்டிய வைன் அதிகம். உயர்தரப் பொருளியலில் இதை ஒப்பீட்டு அனுகூலம் என்பார்கள், கைவிட்டதன் பெறுமதி அமையச்செலவு. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைதான் பரீட்சை எடுக்கலாம். மருத்துவபீட வெட்டுப்புள்ளிக்காக மூன்றையும் எழுதி முடித்த பிள்ளைகள் எத்தனையோ பேர் என் மேசைக்கு முன்னால் இருந்திருக்கிறார்கள். அவர்கள் கைவிட்ட வருடங்களை எந்த மாமாவும் கணக்கில் எடுப்பதில்லை.

வங்கி, கணக்காளர், ஆசிரியர் தொழில் பற்றி ஊரே சொல்லும், நான் சொல்லத் தேவையில்லை. நம் ஊரில் யாரும் சொல்லாதது ஏற்றுமதி இறக்குமதி ஆவண வேலை, அதாவது பொருள் சுங்கத்தைத் தாண்ட ஆவணங்களை முடித்துக் கொடுக்கும் சுங்க முகவர் தொழில்.

உலகத்தில் எல்லை தாண்டும் எந்தப் பொருளுக்கும் ஒரு எண் உண்டு. முதல் ஆறு இலக்கம் கிட்டத்தட்ட எல்லா நாட்டுக்கும் பொது. முதல் நான்கை மட்டும் சொல்கிறேன்: அப்பாவின் சூரை ஐஸில் போனால் 0302, உறைய வைத்தால் 0303, முள் நீக்கித் துண்டாக்கினால் 0304, டின்னில் அடைத்தால் 1604. மீன் ஒன்றுதான். எண் மாறினால் வரியும் மாறலாம், கேட்கும் சான்றிதழும் மாறலாம். சீனன்குடா மாவாலைக்குக் கப்பலில் வரும் கோதுமை 1001, அரைத்த மா 1101. புல்மோட்டையிலிருந்து போகும் இல்மனைட் என்ற கனிமம் 2614. எண்ணைப் பிழையாகப் போட்டால் பெட்டி துறைமுகத்தில் கிடக்கும், கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் காசு. சரியான எண்ணைத் தெரிவுசெய்ய மீனும் தெரிய வேண்டும், சட்டமும் தெரிய வேண்டும். மீன் அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

தடைகளின் காலத்தில் இந்த ஆட்களின் அருமை புரியும். 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் நம் மீனை நிறுத்தியது. மீன் கெட்டதால் அல்ல. ஆழ்கடல் படகுகளைக் கண்காணிப்பதிலும் விதி மீறியவர்களைத் தண்டிப்பதிலும் குறை என்றார்கள். தடை நீங்க 2016 ஜூன் ஆனது. அப்புறம் நம்முடைய தடைகள். மஞ்சள் இறக்குமதியைக் கட்டுப்படுத்தினார்கள். சமையலறையில் சிட்டிகை பார்த்துப் போட்டீர்களே, கள்ளத்தோணியில் மஞ்சள் வந்தது. 2021 மே மாதம் இரசாயன உரத்தைத் தடுத்து நவம்பரில் விட்டார்கள். கந்தளாய், மூதூர் விவசாயிகளிடம் கேளுங்கள், அந்தப் போகத்தைச் சொல்வார்கள். டொலர் மிச்சம் பிடிக்க என்று தொடங்கி, கடைசியில் அரிசியையே டொலர் கொடுத்து வாங்க வேண்டி வந்தது. இதையெல்லாம் கொப்பியில் எழுதும் பிள்ளையைத் தவளை வெட்ட அனுப்பப் போகிறீர்களா?

செலவையும் சொல்கிறேன். வர்த்தகப் பிரிவு திருகோணமலையிலேயே இருக்கிறது, போர்டிங் வேண்டாம். பிறகு கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகமோ வந்தாறுமூலையோ யாழ்ப்பாணமோ, அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. விடுமுறையில் ஒரு சுங்க முகவரின் அலுவலகத்தில் இருந்து பழகட்டும். பெரிய சம்பளம் உடனே வராது. பிறகு சொந்தமாகச் செய்ய விரும்பினால் சுங்கத் திணைக்களத்தில் பதிவு எடுக்க வேண்டும். முதல் வருடங்கள் கோப்பு தூக்கும் வேலைதான், அதை மறைத்துச் சொல்ல மாட்டேன்.

விண்ணப்பத்தில் பாடங்களை மகளே தன் கையால் எழுதட்டும். பொருளியல், கணக்கீடு இரண்டும் உறுதி, மூன்றாவது வணிகக் கல்வியா புவியியலா என்று அவள் இன்னும் யோசிக்கிறாள். கனடா மாமாவின் நம்பரை எனக்கு அனுப்புங்கள், நான் பேசுகிறேன்.