கல்லாங்குத்து என்று எழுதிவைத்தால் குவாரிதான் வரும்

கேள்வி: எங்கள் ஊர் மலையில் சமணர் படுக்கை (சமணத் துறவிகள் தங்கப் பாறையில் வெட்டிய கற்படுக்கை) இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் குவாரி வெடிச் சத்தம் கேட்கிறது. மாநிலம் முழுக்க உள்ள இப்படிப்பட்ட இடங்களைக் காப்பாற்ற அரசிடம் திட்டம் என்று ஒன்று கிடையாதா?
– மேலூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: துறையும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. மாநிலத் தொல்லியல் துறை 1961-இல் தொடங்கியது, 1966-இல் அதற்கென்று தனிச் சட்டம் வந்தது. மத்திய அரசின் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதன் பட்டியலில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதிதாக எதுவும் கட்டவோ தோண்டவோ கூடாது, அதைத் தாண்டி இன்னொரு 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் செய்ய வேண்டும். ஆனால் இந்தப் பாதுகாப்பெல்லாம் பட்டியலில் ஏறிய இடத்துக்குத்தான். ஏறாத இடம் என்ன ஆகிறது என்று தெரிய வேண்டுமானால் உங்கள் வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குப் போய், ஊர் நிலங்களின் கணக்கான ‘அ’ பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். மலையின் சர்வே எண்ணுக்கு நேராகப் பெரும்பாலும் ‘கல்லாங்குத்து’ என்றோ ‘பாறைப் புறம்போக்கு’ என்றோ ஒரே ஒரு சொல் இருக்கும். அந்தப் பாறையில் ஒருவர் ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் உளி பிடித்துத் தமிழி (தமிழ் பிராமி என்கிற பழந்தமிழ்) எழுத்தில் பெயர் வெட்டியிருப்பது அந்த வரியில் தெரியாது. குவாரி ஏலத்துக்கு இடம் தேடுகிறவர்கள் அந்த வரியைத்தான் படிக்கிறார்கள்.

அதனால் திட்டம் என்று நான் சொல்வது இதைத்தான்: முதலில் ஊர் ஊராக நடந்து கணக்கெடுப்பது, எடுத்ததைச் சர்வே எண்ணோடு வருவாய்ப் பதிவேட்டில் ஏற்றுவது, அப்புறம் ரோடு, குவாரி, குடியிருப்பு என்று எது வந்தாலும் அந்தப் பதிவைப் பார்த்துவிட்டு அனுமதி கொடுப்பது. அமெரிக்காவிலும் 1966-இல்தான் இதற்குச் சட்டம் போட்டார்கள். அங்கே ஒவ்வொரு மாநிலமும் தன் எல்லை முழுவதற்கும் ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதி வைத்திருக்க வேண்டும், மத்திய அரசின் பணத்தில் ஒரு வேலை நடக்கிறதென்றால் அது பழைய இடங்களை எப்படிப் பாதிக்கும் என்று முன்கூட்டியே பார்த்தாக வேண்டும். நம் ஊரில் இடிந்த பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கிறது.

நம்மால் முடியாத வேலை இல்லை இது. 2013–14-இல் மத்திய தொல்லியல் துறைக் குழு ஒன்று வைகைக் கரையை ஒட்டி நடந்தே தேடி 293 இடங்களைக் குறித்தது. அதில் ஒரு தென்னந்தோப்புதான் கீழடி. மீதி இடங்களில் பெரும்பாலானவற்றில் இன்னும் அகழாய்வுக் குழி ஒன்றுகூடப் போடவில்லை, போடவும் வேண்டாம், ஆனால் அந்த இடங்கள் பதிவேட்டில் ஏறியாக வேண்டும். ஒரே ஒரு நதிக்கு 293 என்றால் பாலாறு, தென்பெண்ணை, காவிரி, தாமிரபரணி என்று எல்லாவற்றையும் அதே பொறுமையோடு நடந்து பார்த்தால் எத்தனை கிடைக்கும்!

உங்கள் பக்கத்து அரிட்டாபட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழிக் கல்வெட்டு, சமணச் சிற்பம், பாண்டியர் குடைந்த சிவன் கோயில் எல்லாம் அங்கே இருக்கின்றன. 2022-இல் அது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகவும் அறிவிக்கப்பட்டது. அப்படியும் 2024-இல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட நிலப்பரப்புக்குள் அந்த ஊரும் சேர்ந்துவிட்டது. மக்கள் வாரக்கணக்கில் தெருவில் நின்ற பிறகு 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. எல்லாத் துறைக்கும் பொதுவாக ஒரே வரைபடம் இருந்திருந்தால் அந்த நிலத்தைச் சுற்றிக் கோடு போட்ட அன்றைக்கே தடுத்திருக்கலாம். பழமையான இடங்களைக் காப்பதற்கான மாநில மரபு ஆணையத்துக்கு 2012-இலேயே சட்டம் நிறைவேறியும் நடைமுறைக்கு வர பத்து வருஷத்துக்கு மேல் ஆனது என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

கேள்வி: எங்கள் வயலில் உழும்போது கறுப்பு சிவப்புப் பானை ஓடு வருகிறது, ஒரு தாழியின் (இறந்தவரைப் புதைக்கும் பெரிய பானை) விளிம்பும் தெரிகிறது. வெளியே சொன்னால் நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.
– சிவகங்கை மாவட்ட வாசகி

பதில்: அம்மா, இந்தப் பயத்தால்தான் பாதி இடங்கள் சத்தமில்லாமல் போகின்றன, அதனால் விவரமாகவே சொல்கிறேன். ஓடு கிடைத்தது என்பதற்காக நிலம் பறிபோகாது. மத்தியச் சட்டப்படி ஓர் இடத்தைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்க வேண்டுமானால் முதலில் அரசிதழில் போட்டு, ஆட்சேபணை சொல்ல இரண்டு மாதம் விட வேண்டும். அறிவித்த பிறகும் ஓர் அடி ஆழத்துக்கு மேல் தோண்டாமல் வெள்ளாமை செய்ய அதே சட்டம் இடம் கொடுக்கிறது. நாட்டுக் கலப்பை ஓர் அடிக்குக் கீழே போவதில்லை. தாழியை உடைப்பது ஜே.சி.பி.யும் தென்னைக்கு வெட்டும் குழியும்தான். கீழடியில் குழி போட்டதே விவசாயிகள் மனசார விட்டுக்கொடுத்த பட்டா நிலத்தில்தான், முதல் கட்டக் குழிகளை ஆய்வு முடிந்ததும் மூடியும் கொடுத்தார்கள்.

இன்னொன்று, காசோ நகையோ கிடைத்தால் மறைக்காதீர்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும், மறைத்தால்தான் குற்றம். தாழியை மட்டும் நீங்களே வெளியே எடுக்க வேண்டாம். உள்ளே இருக்கும் எலும்பும் நெல் உமியும் இருந்த இடத்தில் இருந்தால்தான் காலம் சொல்லும், எடுத்து வைத்துவிட்டால் அது வெறும் பானை. மேலே மண்ணைத் தள்ளி மூடிவிட்டு மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி நடக்கிறது. கல்வெட்டு இருக்கும் சுவரை மணல் வீச்சால் சுத்தம் செய்யப் போவதாகப் பேச்சு. தடுக்க முடியுமா?
– கும்பகோணம் வாசகர்

பதில்: உடனே தடுங்கள். மணல் வீச்சு அழுக்கோடு சேர்த்துக் கல்லின் தோலையும் உரித்துவிடும். ஒரு கோயிலில் அப்படிச் சுத்தம் செய்த சுவரை நான் தடவிப் பார்த்திருக்கிறேன். கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் மங்கலச் சொல்லான ‘ஸ்வஸ்திஸ்ரீ’ மட்டும் விரலுக்குத் தட்டுப்பட்டது, அதற்குக் கீழே வழவழவென்று இருந்தது. தானம் கொடுத்தவர் யார், எத்தனை வேலி நிலம், எந்த ஏரித் தண்ணீர் என்று எல்லாம் போய்விட்டது. வேலை தொடங்கும் முன் மைப்படி எடுத்தே ஆக வேண்டும் என்று கேளுங்கள். ஈரக் காகிதத்தைச் சுவரில் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி எழுத்துக்குள் இறக்கி, மை ஒற்றி எடுப்பார்கள். காகிதம் கல்லைவிட அதிக நாள் வாழ்ந்த ஊர்கள் நம்மிடம் நிறைய உண்டு. கடிதம் எழுதி என்ன ஆகும் என்று நினைக்காதீர்கள். கோயில்களையும் தொன்மைச் சின்னங்களையும் காக்க 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் 75 உத்தரவுகள் போட்டதே, அந்த வழக்கு தொடங்கியது 2015-இல் ஒரு நாளிதழுக்கு வந்த வாசகர் கடிதத்திலிருந்துதான்.

கேள்வி: ஆடு மேய்க்கும் இடத்தில் ஒரு கல்லில் எழுத்து மாதிரி தெரிகிறது. நான் என்ன செய்ய வேண்டும்?
– தேனி மாவட்டத்துப் பத்தாம் வகுப்பு மாணவன்

பதில்: தம்பி, உன் மாவட்டத்துப் புலிமான்கோம்பையில்தான் 2006-இல் தமிழி எழுத்துள்ள நடுகற்கள் (இறந்த வீரர் நினைவாக நட்ட கற்கள்) கிடைத்தன, அதனால் சாதாரணமாக நினைக்காதே. கல்லை நகர்த்தாதே, எழுத்து எடுப்பாகத் தெரியட்டும் என்று சாக்பீஸோ சுண்ணாம்போ பூசாதே. வெயில் சாய்வாக விழும் காலை நேரத்தில் போ, பக்கத்தில் உன் ஸ்கேலை வைத்துப் போட்டோ எடு, ஊர்ப் பெயரையும் தேதியையும் நோட்டில் குறித்துக்கொள். முடிந்தால் சர்வே எண்ணையும் உங்கள் வி.ஏ.ஓ.விடம் கேட்டு எழுதி இங்கே அனுப்பு, படிக்கத் தெரிந்தவர்களிடம் நான் காட்டுகிறேன்.